வேறு உபாதை: இல்லை

ஜூன் 3, செவ்வாய்

இடது குதிகாலுக்கு மேலே, இரண்டு விரல்களால் பிடித்துப் பார்க்கும் இடத்தில், தசைநார் ஒரு பாக்கு அளவுக்குத் தடித்திருக்கிறது. இரண்டரை வருடமாக இப்படித்தான். காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் கழிவறைவரை பதினோரு அடி. சுவரைத் தடவிக்கொண்டு, ஒரு காலை இழுத்து, நானே பார்க்கச் சகிக்காத ஒரு நடை. நல்லவேளை, வீட்டில் வேறு யாரும் இல்லை.

இன்று டாக்டர் ஜெபசிங் நடத்தும் ஆய்வில் சேர்ந்தேன். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை இந்த நார் வலிக்கும் கேட்குமா என்று பார்க்கிறார்கள். பன்னிரண்டு வாரம், அறுபது பேர். சர்க்கரை இல்லாதவர்களை மட்டும் எடுக்கிறார்கள். எனக்கு இல்லை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

ஒப்புதல் படிவம் பதினான்கு பக்கம். முழுக்கப் படித்தேன். இரண்டு எழுத்துப் பிழைகளைப் பென்சிலால் குறித்தேன். அதிகப்பிரசங்கித்தனமோ என்று தோன்றவே உடனே அழித்தேன். டாக்டர் பார்த்துவிட்டார்.

"காலேஜ்ல என்ன சப்ஜெக்ட் சார்?"

"புள்ளியியல். முப்பத்திரண்டு வருஷம்."

"பாளையங்கோட்டையில எனக்கு இப்படி ஒரு ஆள் கிடைப்பார்னு நினைக்கலை. ஷைனி, சாரோட ஃபார்மைக் காட்டித்தான் மத்தவங்களுக்குச் சொல்லித் தரணும்."

ஷைனி ஆய்வின் வேலைகளைக் கவனிக்கும் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். செவ்வாய்தோறும் வர வேண்டும் என்றாள். வாரப் படிவத்தில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டம்: காலை வலி பூஜ்யம் முதல் பத்து வரை, மாத்திரை எடுத்த நேரம், வேறு உபாதை. கட்டங்கள் சிறியவை. அதனால் இந்த நோட்டு.

ஜூன் 4, புதன்

வலி 7. இட்லிக்குப் பிறகு 8.10க்கு முதல் மாத்திரை.

டப்பாவைத் திறந்ததும் கருவாட்டு வாடை. நாங்கள் சைவம். இருந்தாலும் எனக்கு இந்த வாடையைத் தெரியும். என் மனைவி பிரமநாயகி இதே மாத்திரையைப் பதினோரு வருடம் சாப்பிட்டாள். அடுக்களையில் வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதால் குளியலறை மாடத்தில் வைத்துக்கொண்டாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

ஆக எனக்கு வந்திருப்பது நிஜ மாத்திரை. எனக்குத் தெரிந்துவிட்டதை ஷைனியிடம் சொல்வதுதான் முறை. ஆனால் முகர்ந்து பார்த்தேன் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது. வெறும் மாத்திரைக்கும் இதே வாடையைச் சேர்த்திருக்கலாம் என்று எழுதி வைக்கிறேன். நான் நம்பவில்லை.

ஜூன் 6, வெள்ளி

வலி 7.

காலை ஒன்பதரைக்குள் மூன்று தடவை. மூன்றாம் தடவை எட்டு அடிதான் போக முடிந்தது. மீதி மூன்றடியை நானே பினாயில் ஊற்றிக் கழுவினேன். குனிந்து கழுவும்போது, முப்பத்திரண்டு வருடம் மேடையில் நின்று பேசிய ஆள் என்ற நினைப்பு வந்தது.

வேறு உபாதை: இல்லை.

இதை மருந்தின்மேல் சுமத்த ஆதாரம் போதாது. நேற்றைய தேங்காய்ச் சட்டினியாக இருக்கலாம். ஒரு நாள் கணக்கை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

ஜூன் 7, சனி

சட்டினி சாப்பிடவில்லை. அதேதான்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் எதுவும் சாப்பிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது.

பெரிய கூடம். பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கழிவறைக் கதவு கூடத்துக்குள்ளேயே திறக்கிறது. எலுமிச்சை வாசனை போட்டிருக்கிறார்கள். அசிங்கத்தின்மேல் எலுமிச்சை வாசனை, அசிங்கத்தைவிட மோசம்.

ஷைனி என் படிவத்தைப் பார்த்தபடி எல்லோருக்கும் கேட்கும் குரலில், "மோஷன் ஒழுங்கா போகுதா சார்? வாய் கசப்பு, வயிறு உப்புசம், எதாவது?" என்றாள்.

"எல்லாம் ஒழுங்குதான்மா."

"சூப்பர் சார்."

இப்படிப்பட்ட விஷயத்தைத் தனியாகக் கேட்க ஓர் அறை இல்லை. இதைக் குறையாக எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

இன்று முதல் நாளுக்கு இரண்டு மாத்திரை.

ஜூன் 15, ஞாயிறு

வலி 6.

மகள் வடிவு புனேயிலிருந்து பேசினாள். ஆய்வைப் பற்றிச் சொன்னேன்.

"அம்மா சாப்பிட்ட அதே மாத்திரையாப்பா?"

"அதேதான் போலிருக்கு. சொல்ல மாட்டாங்க."

"அம்மாவுக்கு அது ஒத்துக்கிடவே இல்லையேப்பா. ஒங்களுக்கு ஒண்ணும் செய்யலியா?"

"ஒண்ணும் இல்ல."

குக்கர் சத்தம் கேட்கிறது என்று வைத்துவிட்டாள். என் காதில் எந்தச் சத்தமும் விழவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வலி 6.

கூடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள். பெயர் இசக்கியம்மாள், வயது ஐம்பத்தேழு. முன்னீர்பள்ளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். முப்பது வருடம் சிமெண்டுத் தரையில் நின்றதில் இரண்டு குதிகாலும் போய்விட்டன. மஞ்சப்பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். மூலையில் மஞ்சள்தூள் கறை. ஒரு கட்டமும் நிரப்பவில்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் எழுதித் தாங்களேன். கூட்டிக்கூட்டிப் படிச்சிருவேன், எழுதத்தான் கை வராது. கையெழுத்து மட்டும் போடுவேன், அதுவும் லாரி கவுந்த மாதிரி இருக்கும்."

உதவுவது தவறில்லை என்று ஷைனியும் சொன்னாள். பேனாவை எடுத்தேன்.

"காலையில வலி எவ்வளவும்மா, பத்துக்கு?"

"மார்க்கா போடச் சொல்லுதாவ? நேத்து ஆறு. முந்தாநாளு அடுப்படியில வழுக்கிட்டேன், அன்னைக்கு எட்டு போடுங்க."

"வேறு உபாதை?"

"அத ஏன் கேக்கிய. தண்ணியா பீச்சுது அண்ணாச்சி. அரிசி களையறதுக்குள்ள நாலு மட்டம். இப்ப பஸ்ஸுல வாறேன், வயித்தைப் புடிச்சுக்கிட்டு மேலப்பாளையத்துல எறங்கி, ஒரு இட்லிக்கடைக்காரி வீட்டுல கெஞ்சிக் கேட்டு, போயிட்டு, அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வாறேன்."

அரிசி விலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த இருவர் சிரித்தார்கள். என் காது சுட்டது. அவள் சொன்ன சொல்லை என் கை எழுதாது. எழுதும் சொல்லா அது. படிவத்தில் எழுதுவதற்கென்று ஒரு மொழி இருக்கிறது.

"வயிற்றில் சிறிது மாற்றம்" என்று எழுதினேன். ஏழு கட்டத்திலும்.

படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"நல்லா எழுதுதிய. எங்க ஹெட்மாஸ்டர் எழுதுத மாதிரியே இருக்கு."

ஜூன் 24, செவ்வாய்

வலி 5. குறைகிறது. மருந்தா, படிக்கட்டில் நின்று செய்யச் சொன்ன குதிகால் பயிற்சியா, அல்லது குறைய வேண்டும் என்று நான் விரும்புவதாலா, சொல்ல முடியவில்லை.

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்று பகல் முழுவதும் நினைத்தேன்.

டாக்டர் கூடத்துக்கே வந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். இசக்கியம்மாள் வயிற்றைப் பற்றிச் சொன்னாள். அவர் படிவத்தைப் பார்த்தார்.

"சிறிது மாற்றம்னுதானேம்மா இருக்கு?"

"சிறுசா இல்ல டாக்டர். நான் அடுப்படிக்கும் கக்கூசுக்குமா..."

"இங்க பாருங்க, சாரும் மாத்திரை சாப்பிடறார். உங்களவிட பதினாலு வயசு மூத்தவர். மூணு வாரம், ஒரு நாள்கூட ஒண்ணும் இல்ல. மனசுல பயம் இருந்தா வயிறு அப்படித்தான் பண்ணும். என்ன சார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை அசைத்தேன். அது ஆமாம் என்று அர்த்தப்படும் அசைவுதான். வேறு விதமாகக் கொள்ள வழி இருக்கிறதா என்று பேருந்தில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"அப்ப என் வயிறுதான் கெட்ட வயிறு போல" என்றாள் இசக்கியம்மாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளுடைய படிவத்தை இன்றும் நான்தான் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து நேரே கழிவறைக்குப் போனேன். எழுந்தபோது கண்ணாடியில் முகம் தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கை கழுவினேன்.

ஜூலை 1, செவ்வாய்

ரத்தம் எடுத்தார்கள். எல்லோருக்கும் சரியாக இருக்கிறதாம்.

ஜூலை 7, திங்கள்

வலி 5.

சங்கரன்கோவிலில் சித்தப்பா பேத்தி கல்யாணம். ஒன்றரை மணி நேரப் பேருந்து. நேற்று இரவு மாத்திரையையும் இன்று காலை மாத்திரையையும் போடவில்லை. இரண்டையும் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். டப்பாவில் மிச்சம் இருக்கும் மாத்திரைகளை ஷைனி எண்ணிப் பார்ப்பாள். எண்ணிக்கை சரியாக வர வேண்டும்.

படிவத்தில் நேரம் போட்டேன்: 8.15, 8.10. ஐந்து நிமிட வித்தியாசம் வைத்தது இயல்பாக இருக்கட்டும் என்று. இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் குமட்டுகிறது.

கல்யாணத்தில் வயிறு சாதுவாக இருந்தது. இரண்டாம் முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 9, புதன்

நேற்று தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. அதனால் இன்று போனேன். மாத்திரை எண்ணிக்கை மிகச் சரி என்றாள் ஷைனி. அறுபது பேரில் எண்ணிக்கை தவறாதவன் நான் ஒருவன்தானாம்.

ஜூலை 15, செவ்வாய்

வலி 4.

இசக்கியம்மாள் இளைத்திருக்கிறாள். சட்டைக் கை தோளில் நிற்காமல் வழிகிறது.

"சாப்பிடறதில்லையாம்மா?"

"உள்ள போனாத்தான அண்ணாச்சி வெளிய வரும். அதான் சோத்தைக் கொறச்சுட்டேன். வேலை முடியறவரை தண்ணியும் குடிக்கதில்ல."

"அப்படியெல்லாம் இருக்கக் கூடாது."

"பிள்ளைகளுக்குச் சமைக்குத கை. வயிறு போவுதுன்னு டீச்சர் காதுல விழுந்தா மறுநாளே வராதேன்னுருவா. இன்னும் மூணு வருசம் இருக்கு, அதுவரை நின்னுட்டா போதும்."

"மாத்திரையை நிறுத்திரலாமே. எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு படிவத்திலயே இருக்கு."

"கால் கேக்குதே. வலி நாலுக்கு வந்துட்டு பாத்துக்கிடுங்க. சோத்துச் சட்டியை எறக்கி வச்சிட்டு ஒக்காராம அடுத்ததைத் தூக்குதேன். ரெண்டு வருசமா ஏலல. வயித்துக்காக காலை விடச் சொல்லுதியளா? அதுவும் ஒங்களுக்கெல்லாம் ஒண்ணும் செய்யாதப்ப எனக்கு மட்டும் என்ன. பழகிரும்."

என்னிடம் பதில் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"உணவு சற்றுக் குறைவு. பிற உபாதை லேசாக" என்று எழுதினேன்.

"தண்ணி குடிக்காததையும் எழுதிட்டியளா?"

"எழுதியிருக்கேன்."

எழுதவில்லை. கட்டத்தில் இடம் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

வலி 4. மாத்திரை இரண்டும் எடுத்தேன். ஐந்து தடவை.

ஜூலை 27, ஞாயிறு

வலி 3. இன்று எங்கும் போகவில்லை. ஒன்றை எழுதிப் பார்க்கிறேன். சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று சோதிக்க மட்டும்.

தூத்துக்குடிக்குத் தேர்வு மேற்பார்வைக்குப் போகும்போதெல்லாம் பிரமநாயகியும் வருவாள். அவள் தங்கை வீடு அங்கே. ஒருமுறை வல்லநாடு தாண்டியதும் என் கையைத் தொட்டு, "ஏங்க, பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றாள். பேருந்தில் என் மாணவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளே எழுந்துபோய் ஓட்டுநரிடம் சொன்னாள். பேருந்து நின்றது. அவள் முள்செடிப் பக்கம் ஓடினாள். ஏழு நிமிடம். எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள். அது அவளுடைய விருப்பம் என்று அன்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், பயணத்தன்றைக்கு மாத்திரை போடாதே என்று. சரி என்றாள். மறுப்பு சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று முதல் நாளும் விட்டாள். பிறகு வீட்டுக்கு ஆள் வரும் நாளும் விட்டாள். சர்க்கரை ஏறியது. கால் விரலில் புண் வந்தது.

அவள் போனதற்கு, அவளைப் பார்த்த டாக்டர் ஐந்து காரணங்கள் சொன்னார். அவற்றை இங்கே வரிசைப்படுத்த வேண்டியதில்லை. ஒன்றோடு இன்னொன்று சேர்ந்து நடப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

ஜூலை 29, செவ்வாய்

போனேன். இசக்கியம்மாளுக்கு எழுதிக் கொடுத்தேன். லேசாக.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வலி 3.

பக்கத்து நாற்காலி காலி. கேட்பதற்கு முன்பே ஷைனி சொன்னாள்.

"அந்த இசக்கியம்மா மேல வார்டுல இருக்காங்க சார். சனிக்கிழமை பஸ் ஸ்டாப்புல விழுந்துட்டாங்க. உடம்புல தண்ணியே இல்லையாம். கிரியாட்டினின் ஏறிருக்கு, கிட்னி டாக்டர் வந்து பாத்துட்டுப் போனார்."

டாக்டர் ஜெபசிங் வந்தார். கையில் அவளுடைய படிவங்கள்.

"பாருங்க சார். சிறிது, சிறிது, லேசாக, லேசாக. இவங்க சொல்றதே இல்ல. நாம என்ன செய்ய முடியும்? பங்கேற்பாளர் தெரிவிக்கலைன்னுதான் எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதணும். அடுத்த மாசம் இருநூறு பேருக்குப் பெருசாக்கலாம்னு இருக்கேன். உங்க ஃபார்மைத்தான் மாதிரியாக் காட்டப்போறேன்."

ஷைனி அவர் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த என் படிவத்தைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே சாய்வில், ஒரே நீல மையில், அழகான எழுத்து. அவள் என் டப்பாவை எண்ணிக் கொடுத்தாள். எண்ணிக்கை சரி.

மாடிக்குப் போகவில்லை. பார்வையாளர் நேரமா என்று தெரியவில்லை. அங்கேயே நின்று யாரையாவது கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

மாத்திரை போடவில்லை. தூக்கியும் எறியவில்லை. மேசைமேல் இரண்டும் இருக்கின்றன. வீடு முழுவதும் அந்த வாடை.

ஆகஸ்ட் 7, வியாழன்

வலி பார்க்க மறந்துவிட்டேன்.

பத்து மணிக்கு டாக்டர் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன். வாசித்தேன். முதல் வாரத்திலிருந்தே எனக்கு வயிற்றுப்போக்கு இருக்கிறது, இல்லை என்று எழுதினேன். வெளியே போகும் நாளெல்லாம் மாத்திரையை விட்டு, மொத்தம் பதினான்கைக் கழிவறையில் கொட்டினேன். மாத்திரையின் வாடை எனக்கு முன்பே தெரியும். இசக்கியம்மாளின் படிவங்களை எழுதியது நான். அந்த அம்மாள் சொன்னதை நான் எழுதவில்லை.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சார், என்கிட்ட இருக்கறதுலயே க்ளீனான டேட்டா உங்களோடதுதான்."

"அது நான் கழுவி எழுதினது டாக்டர்."

"உங்ககிட்ட இருந்து இதை எதிர்பார்க்கலை." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, இப்படிச் செய்வோம். நீங்க சொந்தக் காரணத்துக்காக விலகிட்டதா வச்சுக்கலாம். அந்தம்மா ஃபார்ம் இருக்கறபடி இருக்கட்டும். அவங்க சைன் போட்டிருக்காங்க. இதைக் கிளறினா நம்ம ரெண்டு பேருக்கும் அசிங்கம், உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா."

"சரி டாக்டர்" என்றேன்.

எழுதுவதற்கே கூசுகிறது. ஆனால் சொன்னேன். எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி, கதவுவரை போனேன். கைப்பிடியில் கை வைத்ததும் அந்த இருநூறு பேர் ஞாபகம் வந்தார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது அது இல்லை. "அந்தம்மா சைன் போட்டிருக்காங்க" என்ற வாக்கியம். சரி என்று தலையாட்டிப் போன ஒரு பெண்ணின் பின்னால் நான் ஏற்கெனவே ஒருமுறை ஒளிந்திருக்கிறேன்.

திரும்பி வந்து, "இல்லை டாக்டர், திருத்தணும்" என்றேன். இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் மணியை அழுத்தினார். ஷைனி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு ஆச்சரியம் இல்லை.

"அழிக்கக் கூடாது சார். வெள்ளை மை வைக்கக் கூடாது. பழசு தெரியற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடிங்க. பக்கத்துல புதுசு எழுதி, இன்னிக்குத் தேதி, உங்க சுருக்கக் கையெழுத்து. அவங்களதுன்னா அவங்க சொல்லச் சொல்ல எழுதி, அவங்ககிட்ட சைன் வாங்கணும்."

"என் எழுத்தை இனிமே நம்பலாமா?"

"நான் பின்னால வந்து அவங்ககிட்ட படிச்சுக் காட்டிச் சரிபாப்பேன்" என்றாள். முகத்தில் மரியாதை குறைந்திருந்தது. இருந்தாலும் படிவங்களோடு அட்டையும் பேனாவும் தந்தாள்.

பெண்கள் வார்டு. கடைசிக் கட்டில். இசக்கியம்மாளின் மருமகள் டிபன் வாங்கக் கீழே போயிருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"வாங்க அண்ணாச்சி. கால வச்சுக்கிட்டு எதுக்கு மாடி ஏறுனிய."

நின்றபடியே சொன்னேன். தாளைப் பார்க்காமல். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப ஒங்களுக்கும் போச்சா?"

"போச்சு."

"எத்தன மட்டம்?"

"மூணு. சில நாள் அஞ்சு."

"அன்னைக்கு அந்த டாக்டர் கேக்கையில தலையாட்டுனியள்லா?"

"ஆட்டினேன்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து கவனித்தாள்.

"ஒலகத்துல எனக்கு மட்டுந்தான் இப்படிப் போவுது, நான்தான் என்னமோ சீக்குப் புடிச்சவன்னு, பெத்த மகன்கிட்டகூட சொல்லாம கெடந்தேன். ஒரு வார்த்த, எனக்கும் அப்படித்தான் இசக்கின்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே விட்டிருப்பேன். படிச்சவிய செய்யுத வேலையா இது?"

"இல்ல."

"இல்லன்னு சொல்லி என்ன செய்ய."

நான் போய்விடலாமா என்று கேட்டேன். அவள் திரும்பினாள்.

"எங்க போறிய? ஒக்காருங்க. நான் சொல்லுதத எழுதுங்க. சொன்னபடி எழுதணும், ஒங்க பாஷையெல்லாம் வேண்டாம்."

ஸ்டூலில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். நான் எழுதிய முதல் படிவத்திலிருந்து தொடங்கினோம். "வயிற்றில் சிறிது மாற்றம்" என்பதன்மேல் கோடு போட்டேன். பக்கத்தில், "தண்ணியா பீச்சுது. நாலு மட்டம். மேலப்பாளையத்துல எறங்கி அடுத்தவ வீட்டுல கேட்டுப் போனேன்." தேதி. என் சுருக்கக் கையெழுத்து, ஆ. அந்தச் சொல்லை எழுதும்போது என் எழுத்து கொஞ்சம் கோணியது. ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒவ்வொரு நாளையும் அவள் சமைத்த சாப்பாட்டை வைத்து ஞாபகப்படுத்தினாள். முட்டை போட்ட நாள், புளிச்சோறு போட்ட நாள். என் ஒன்பது வாரப் புள்ளிவிவரத்தில் இவ்வளவு விவரம் இல்லை.

ஏழாம் வாரம் வியாழக்கிழமையில் இருந்தபோது நிறுத்தினாள். முகம் மாறியது.

"அண்ணாச்சி, அந்தப் பாட்டிலை எடுங்க."

"நர்ஸைக் கூப்பிடவா?"

"நர்ஸு வாறவரைக்கும் தாங்காது. எடுங்கங்கேன்."

கொக்கியிலிருந்து பாட்டிலைக் கழற்றினேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வலிக்கும் மூன்று குதிகால்களுக்குப் பத்தடிகூட வெகுதூரம்தான். கழிவறைக்குள் அவள் போனதும், குளுக்கோஸ் குழாய் எட்டுவதற்காகக் கதவை ஒரு சாண் திறந்துவைத்து, பாட்டிலைப் பிடித்த கையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு வெளியே நின்றேன். இன்னொரு கையில் அட்டை. வார்டில் இருந்த எல்லாப் பெண்களும் பார்த்தார்கள்.

சத்தம் கேட்டது. பிறகு வாடை வந்தது. குமட்டியது. எப்போதும்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் கழுத்து போனது.

"கைய எறக்காதிய, குழாயில ரத்தம் மேல ஏறுது" என்றாள் உள்ளேயிருந்து.

உயர்த்தினேன்.

"சிரமமா இருக்கா?"

"இல்லம்மா." பிறகு, "இருக்கு" என்றேன்.

"இருக்கும்லா." தண்ணீர் ஊற்றும் சத்தம். "வியாழக்கிழமைக்கு எங்ஙன விட்டோம்? படிங்க பாப்போம்."

மெதுவாகப் படித்தேன். கேட்கவில்லை என்றாள். கதவைத் தாண்டி உள்ளே கேட்கும்படி, அவள் சொன்ன அதே சொற்களில், மறுபடி உரக்கப் படித்தேன்.